கடாரத்தில் உட்கார்ந்து கடாரத்தைப் பிடித்தது

போன மாதம் எங்கள் கோவில் திருப்பணிக் கூட்டத்தில் நாற்காலி பறக்காததுதான் குறை.

எங்கள் இடம் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பட்டணத்துக்குப் பக்கம். ஒரு காலத்தில் முழுக்கப் பால்மரம். அப்புறம் செம்பனை. அப்புறம் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், தாமான் வந்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்கள் நின்ற இடத்தில் ஒரே மாதிரி வீடுகள் வரிசை கட்டி நிற்கின்றன. "லயமும் இப்படித்தாண்டா இருந்துச்சு, இதுக்கு மட்டும் மாசா மாசம் பேங்குக்குக் கட்டணும்" என்பார் அம்மா. பழைய தோட்டத்தில் மிஞ்சியது மாரியம்மன் கோவில் ஒன்றுதான். கும்பாபிஷேகம் நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது, மறுபடி செய்தாக வேண்டும். அதில் யாருக்கும் மறுப்பில்லை.

சண்டை வாசலில் இருக்கும் இரண்டு சிமெண்டுச் சிங்கங்களைப் பற்றி. தோட்டத்து ஆட்கள் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த காசில், தோட்டத்துக் கொத்தனாரே செய்தவை. அவர் சிங்கத்தை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கொஞ்சம் பூனை, மீசைப் பக்கம் கொஞ்சம் பழைய கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர். தமிழ்நாட்டிலிருந்து சிற்பியை அழைத்துப் புதிதாகச் செய்யலாம் என்றார் செயலாளர். பின் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "புதுச் சிங்கம் பத்துகூட வைங்க தம்பி. நான் ஏறி உட்கார்ந்து வளர்ந்த சிங்கத்த எடுத்தா, நான் இந்தக் கோயிலுக்கு வரமாட்டேன்." அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, மரியாதை கெட்டதனமாகக் கைப்பேசியில் ஒரு பழைய கேமின் ரீமேக் முன்னோட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கருத்துப் பகுதியில் உலகம் முழுக்க ஆட்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் "முகம் மாறிப்போச்சு", இன்னொரு பக்கம் "இப்பத்தான் முகமே தெரியுது". தலையை நிமிர்த்தினால் கோவிலிலும் அதே வாக்குவாதம். பெரியவருக்கு நாற்பது வருடம் முன்னால் யாராவது ஒரு கண்ட்ரோலர் கொடுத்திருந்தால் அவரும் அந்தக் கருத்துப் பகுதியில்தான் இருந்திருப்பார்.

அன்றிலிருந்து பழைய கேம்கள் திரும்பி வருவதை நான் கோவில் கணக்கில்தான் பார்க்கிறேன். ரீமாஸ்டர் என்பது வண்ணம் பூசுவது. மூலவர் அதே மூலவர், கோபுரத்துப் பொம்மைகளுக்கு மட்டும் புதுப் பெயிண்ட். 2025 ஏப்ரலில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிய ஆப்லிவியன் ரீமாஸ்டர் அந்த வகை. உள்ளே பழைய எந்திரமே ஓடுகிறது, 2006-இல் சிரிக்க வைத்த கோளாறுகள் உட்பட. ரீமேக் என்பது இடித்துக் கட்டுவது. 2023-இல் வந்த ரெசிடெண்ட் ஈவில் 4 அப்படி. என் கணக்கில் நன்றாகவே கட்டிய கோவில். ஃபைனல் ஃபேண்டசி 7-ஐ இடித்தவர்கள் அதே இடத்தில் மூன்று கோவில் கட்டக் கிளம்பி, 2020-இல் ஒன்றும் 2024-இல் ஒன்றும் முடித்துவிட்டு மூன்றாவதற்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள். பழைய பெட்டி இல்லாமலே பழைய கேமைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர்? அது பாலாலயம். திருப்பணி முடியும்வரை சாமியைச் சின்னதாக வேறோர் இடத்தில் வைத்துப் பூசை செய்வதுபோல. சில சாமிகள் கடைசிவரை அங்கேயே இருந்துவிடும்.

நான் கேமைக் கையில் பிடித்தது 1993-இல், ஒன்பது வயதில். தீபாவளி போனஸ் வந்ததும் அப்பா சுங்கைப்பட்டாணிக்குப் போய் ஒரு மைக்ரோ ஜீனியஸ் பெட்டி வாங்கிவந்தார். ஜப்பானில் நிண்டெண்டோ 1983-இல் விற்பனைக்கு விட்ட ஃபேமிகாமைப் பார்த்துத் தைவானில் செய்த நகல் அது. நகல் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? மலேசியாவில் என் வயது ஆட்களிடம் ஃபேமிகாம் என்று சொல்லிப் பாருங்கள், விழிப்பார்கள். மைக்ரோ ஜீனியஸ் என்றால் முகமே மாறும்.

அப்போது எங்களுக்குக் கொம்பனி கரண்ட். மாலை ஆறரைக்கு ஜெனரேட்டர் போடுவார்கள், இரவு பத்துக்கு நிறுத்துவார்கள். நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் இஞ்சின் ரூம் தாத்தா ஒரு தடவை சுவிட்சைத் தட்டி எடுப்பார். லயம் முழுக்க விளக்கு ஒரு கண் மூடித் திறக்கும். அடுப்பை அணை, பாயை விரி, விடிகாலை பெரட்டுக்கு எழுந்திரு என்று மற்றவர்களுக்கு அது அறிவிப்பு. எனக்கும் அண்ணனுக்கும் அது இடி. ஏனென்றால் மைக்ரோ ஜீனியஸுக்கு அந்த ஒரு கண் மூடல் போதும், திரை வெளுத்துப் போய்த் தலைப்புப் பக்கத்துக்கு வந்து நிற்கும். சேமித்து வைக்கும் வழி கிடையாது. காண்ட்ராவில் எட்டுக் கட்டம். ஏழாவதில் நிற்கும்போது விளக்கு ஒரு தடவை கண்ணடித்தால், அந்த எழுபது வயது மனிதரை நாங்கள் திட்டிய திட்டு இந்தக் கட்டுரையில் எழுதக்கூடியதில்லை.

அதனால் எங்களுக்குப் பத்து மணிக்குள் முடித்தாக வேண்டிய அவசரம். அவசரத்துக்கு மருந்து அந்த மந்திரம். மேலே மேலே கீழே கீழே, இடம் வலம் இடம் வலம், பி, ஏ. முப்பது சான்ஸ் வந்துவிடும். வாய்ப்பாடு ஒப்பிக்கத் திணறியவன்கூட லயத்தில் இதைத் தூக்கத்தில் சொல்வான். வாத்தியார் ஒரு நாள் ஏழாம் வாய்ப்பாடு கேட்டதற்கு என் கூட்டாளி ஒருவன் பாதியில் தடம் மாறி "இடம் வலம்" என்று போய்விட்டான். ரொம்ப நாள் எனக்கு அது திருட்டு வேலை என்ற உறுத்தல் இருந்தது. பிறகு படித்தேன். காண்ட்ராவைச் செய்த கொனாமியில் வேலை செய்த கசுஹிசா ஹஷிமோட்டோ, 1986-இல் கிராடியஸ் கேமை ஃபேமிகாமுக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்கக்கூட முடியாதபடி தனக்கே அது கஷ்டமாக இருக்கிறதே என்று தனக்காக வைத்துக்கொண்ட குறுக்கு வழியாம். எடுக்காமல் விட்டது அப்படியே வெளியே வந்துவிட்டது, மற்ற கேம்களுக்கும் பரவிவிட்டது. அவர் 2020-இல் இறந்துபோனார். செய்தவருக்கே முடியவில்லை என்று தெரிந்ததும் என் உறுத்தல் போய்விட்டது.

இந்த நினைப்பிலெல்லாம் ஊறிப்போய்த்தான், போன வருடம் இணையக் கடை ஒன்றில் ஒரு குச்சி வாங்கினேன். தொலைக்காட்சியின் பின்னால் செருகினால் பத்தாயிரம் கேம் என்று போட்டிருந்தது. செருகினேன். முதல் நூறு சரி. அதற்குப் பிறகு அதே மாரியோ, அதே டாங்கி, பெயரை மட்டும் மாற்றி மாற்றி. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஆயிரத்தொன்று என்று படம் போட்டுப் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்ற மஞ்சள் கேம் கார்ட்ரிட்ஜும் இதே வேலையைத்தான் செய்தது. முப்பது வருடத்தில் பொய்யின் எண்ணிக்கை பத்து மடங்கு ஆகியிருக்கிறது, அவ்வளவே. மூன்றாவது வாரம் அதன் அடாப்டர் புகைந்து செத்தது.

அப்புறம்தான் அசல் பெட்டியைத் தேடினேன். எங்களுடையது லயத்தைக் காலி செய்யும்போது போய்விட்டது. சித்தப்பா வீட்டு ஸ்டோர் ரூமில், பழைய பால் வாளிகளுக்குப் பின்னால், துப்பாக்கியோடு ஒன்று கிடைத்தது. அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. கைப்பேசியில் தவிர வேறெதிலும் விளையாடியதில்லை. வாத்து சுடும் கேமை அவனுக்குக் காட்டலாம் என்று அவர்கள் வீட்டுப் பெரிய எல்இடி திரையில் மாட்டினேன். படம் வந்தது. சுட்டான். வாத்து பறந்தது. திரையை முட்டுகிற மாதிரி கிட்டப் போய்ச் சுட்டான். வாத்து பறந்தது. புல்லுக்குப் பின்னாலிருந்து அந்த நாய் எழுந்து சிரித்தது.

"மாமா, துப்பாக்கி ரொசாக்."

துப்பாக்கி கெடவில்லை. அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. வெளிச்சம் உள்ளேதான் வருகிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம். குழலுக்குள் இருக்கும் சின்னக் கண்ணுக்குக் கறுப்பும் அடுத்து வெள்ளையும் தெரிந்தால், குறி சரி என்று கணக்கு. இதெல்லாம் நம் கண்ணுக்குப் படாத வேகத்தில், பின்னாலிருந்து மின்கற்றையால் படத்தைத் துளித் துளியாக வரையும் பழைய குழாய் டிவியை நம்பிச் செய்தது. இப்போதைய திரைகள் படத்தை வாங்கி, பதப்படுத்தி, கொஞ்சம் தாமதித்துத்தான் காட்டும். துப்பாக்கி பார்க்கிற நேரத்துக்கு வெள்ளைச் சதுரம் வந்திருக்காது. கேம் உயிரோடு இருக்கிறது, பெட்டி உயிரோடு இருக்கிறது, துப்பாக்கியும் இருக்கிறது. ஆனாலும் அந்த ஆட்டம் செத்துவிட்டது.

பழைய சாமான் கடையில் நாற்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு குழாய் டிவி எடுத்து வந்தேன். தூக்கிவந்த இடுப்பு வலி தனி. மாட்டினேன். அக்கா மகன் ஆறடி தள்ளி நின்று, அலட்சியமாக ஒற்றைக் கையில் சுட்டான். வாத்து கிறுகிறுவென்று விழுந்தது. நாய் எழுந்து, இந்த முறை சிரிக்காமல், கழுத்தைப் பிடித்து வாத்தைத் தூக்கிக் காட்டியது. "இன்னொரு தடவ, மாமா" என்றான். அந்த டிவி இப்போது என் அறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அம்மா அதன்மேல் துணி காயப்போடுகிறார்.

2003-க்கு அப்புறம் சிசி காலம், அதாவது சைபர் கஃபே. பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில், பதினாறு கணினி. மணிக்கு இரண்டு வெள்ளி. கடை முதலாளியான தவுக்கேயின் மகன் ஒரு பக்கம் குவே தியோ சாப்பிட்டுக்கொண்டே கணக்கு எழுதுவான். வார்கிராஃப்ட் 3-ஐ யாரும் அதன் கதைக்காகத் திறக்கவில்லை. அதற்குள் ரசிகர்கள் சொந்தமாகச் செய்து போட்ட டோட்டா என்ற வரைபடத்துக்காகத்தான் திறந்தோம். ஒரு பக்கம் ஐந்து பேர். எங்கள் ஐவரில் இரண்டு தமிழர், இரண்டு சீனர், ஒரு மலாய்க்காரன். "மிட் மிஸ்! பாலிக் பாலிக்! டேய் ஓடுறா!" என்று ஒரே மூச்சில் மூன்று மொழி போகும். கெட்ட வார்த்தை மட்டும் ஹொக்கியன் சீனத்தில். அதில்தான் அதற்கு வீச்சு இருந்தது. அந்த மாதிரி ஒரு மலேசிய சிசியில் கை பழகிய தலைமுறையைச் சேர்ந்தவர்தான் மூஷி. 2013 ஆகஸ்டில் சியாட்டலில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியில் அவருடைய ஆரஞ்ச் அணி மூன்றாவதாக வந்த இரவில், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவனும் தூங்கவில்லை. அப்போது சிசி மூடி வருடமாகியிருந்தது. கீழே கைப்பேசி மேலுறை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வார்கிராஃப்ட் 3-க்கு 2020 ஜனவரியில் ரீஃபோர்ஜ்ட் என்ற பெயரில் கும்பாபிஷேகம் நடந்தது. அதன் உருவங்களைப் புதிதாக வரைந்து கொடுத்ததில் நம் நாட்டு லெமன் ஸ்கை ஸ்டூடியோவின் கை உண்டு. அந்த வேலையில் எனக்குக் குறை தெரியவில்லை. கோளாறு வேறிடத்தில். முன்பு காட்டிய புதுக் கதைக் காட்சிகள் வரவில்லை. பழைய கேமில் இருந்த தரவரிசையும் குழுக்களும் காணோம். இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பார்கள். புதியதை வாங்காமல், பழைய வார்கிராஃப்ட் 3 போதும் என்று இருந்தவர்களின் கணினியிலும் பழையது போய்ப் புதிய சட்டகம் உட்கார்ந்தது. மெட்டாகிரிட்டிக் தளத்தில் ஆட்டக்காரர்கள் போட்ட மதிப்பெண் பத்துக்கு ஒன்றுக்கும் கீழே போனது. நிறுவனம் கேட்டவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தது. இன்னொன்று. இனிமேல் இதற்குள் ரசிகர்கள் செய்யும் வரைபடங்கள் எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று விதியில் எழுதிவைத்தார்கள். டோட்டா வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போன வயிற்றெரிச்சல் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். கோவில் பெரியவர் பயந்தது இதைத்தான். புதுச் சிங்கம் வருவதில் அவருக்குத் தகராறு இல்லை. பழைய சிங்கத்தை ராத்திரியோடு ராத்திரியாக லோரியில் ஏற்றிவிடுவார்கள் என்பதுதான் பயம்.

புதுசு எதுவும் பிடிக்காத ஆளாக என்னை நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பரில் சில்க்சாங் வந்த அன்று, கடைத் தளங்கள் எல்லாம் மூச்சுத் திணறி நின்றபோது, பொத்தானை அழுத்தி அழுத்தி வாங்கியவர்களில் நானும் ஒருவன். ஆறரை வருடம் காத்திருந்த கேம், அமெரிக்க விலையே 20 டாலர். செய்தது ஆஸ்திரேலியாவில் கையளவு ஆட்கள். அதே வருடம் ஜூனில் நிண்டெண்டோவின் புதுப் பெட்டி ஸ்விட்ச் 2 வந்தபோது மாரியோ கார்ட்டுக்கு மட்டும் தனியாக 80 டாலர் என்றார்கள். நம் காசில் முந்நூறு வெள்ளிக்கு மேல். இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் தன் பிள்ளைக்கு ஒரு கார் ஓட்டும் கேம் வாங்க ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சம்பளத்தைத் தர வேண்டும். எங்கள் பக்கம் எல்லாப் பிள்ளைகளும் ஏன் மொபைல் லெஜெண்ட்ஸில் கிடக்கிறார்கள் என்று கேட்கும் பெரிய மனிதர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அது இலவசம், அப்பாவின் பழைய கைப்பேசி போதும். உள்ளே போனபிறகு வீரனுக்குப் புது வேஷம் போடும் 'ஸ்கின்' என்று பிடுங்குவார்கள், அது வேறு கதை. அக்காவுக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும். 2024-இல் ரியாத்தில் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அந்தக் கேமில் பட்டம் ஜெயித்து 10 லட்சம் டாலர் பரிசு வாங்கியதிலிருந்து, "இது வேலை, மாமா" என்கிறான் அக்கா மகன். வாதத்தில் ஜெயிக்க முடியவில்லை.

இதற்கு நடுவே ஒரு புள்ளிவிவரம் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 விழுக்காட்டை இன்றைக்குக் கடையில் காசு கொடுத்து வாங்க வழியில்லை. திரும்பி வருகிறது, திரும்பி வருகிறது என்று நாம் துள்ளுவது மிச்சம் இருக்கும் கொஞ்சத்தைப் பற்றித்தான். விற்கும் என்று தெரிந்த சாமிக்குத்தான் கும்பாபிஷேகம்.

இதை நான் இங்கே உட்கார்ந்து யோசிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. என் அறைச் சன்னலைத் திறந்தால் குனோங் ஜெராய் தெரியும். கப்பல் ஓட்டிகள் கடலிலிருந்து அடையாளம் வைத்துக்கொண்ட மலை. அதன் அடிவாரத்தில், மெர்போக்கில், பூஜாங் பள்ளத்தாக்கு. தமிழ்ப்பள்ளியில் படித்தவன் ஒருவன்கூட அந்த அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா போகாமல் தப்பியிருக்க முடியாது. ராசேந்திர சோழன் 1025-இல் படை அனுப்பிப் பிடித்த கடாரம் இதுதான் என்று ஆசிரியர் சொல்ல, நாங்கள் வெயிலில் நின்று ஐஸ் தின்றுகொண்டே கேட்டோம். அந்தப் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி என்று அழைக்கப்பட்ட, ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட கோவில் மேடு ஒன்று 2013-இல் வீடமைப்பு நிலத்துக்காக இடிக்கப்பட்டது. இடித்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. ஆயிரம் வருடக் கல்லுக்கே இந்த நிலைமை. 60 முள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ் எம்மாத்திரம்.

சரி, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு வருகிறேன். கட்டுரையே அதற்காகத்தான்.

ஒரு நாகரிகத்தை எடுத்துக்கொண்டு ஊர் கட்டிப் போர் செய்யும், 1999-இல் வந்த கேம். எங்கள் கைக்கு 2001-இல், பசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு, போட்டோஸ்டட் அட்டையோடு கிடைத்தது. அசல் எது, திருட்டு எது என்ற பேச்சே அப்போது இல்லை. அசலை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. அண்ணன் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலத்தில் தொடர்ந்து கோட்டை விட்டவர். ஆனால் 'ஹவ் டு யூ டர்ன் திஸ் ஆன்' என்று ஓர் எழுத்துப் பிழையில்லாமல் தட்டுவார். தட்டினால் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டைக்கு முன்னால் ஒரு நீலக் கார் வந்து நின்று எதிரியைச் சுடும். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் என்ன என்று அவருக்குத் தெரியாது, அது ஒரு மந்திரம். அர்த்தம் தெரிந்த பிறகும் எனக்கு அது மந்திரம்தான்.

முதல் பெட்டியில் 13 நாகரிகங்கள். அடுத்த வருட விரிவாக்கத்தோடு 18. பிரித்தானியர், ஜப்பானியர், மங்கோலியர், துருக்கியர், பாரசீகர், மாயர் எல்லோரும் உண்டு. நாங்கள் இல்லை. இதை ஒரு வருத்தமாக அப்போது உணரவே இல்லை என்பதுதான் எனக்கு இப்போது ஆச்சரியம். கடைக்குப் போனால் நம் அளவுச் சட்டை இருக்காது என்று பழகிப்போன மாதிரி. அண்ணன் பாரசீகரை எடுப்பார், யானை இருக்கிறது என்பதற்காக. அது எங்களுக்குக் கிட்டத்தட்ட நாம்.

கேமைச் செய்த என்செம்பிள் ஸ்டூடியோ 2009-இல் மூடப்பட்டது. சாதாரணமாக அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ரசிகர்கள் சிலர் சும்மா இருக்காமல் சொந்தமாக ஒரு விரிவாக்கம் செய்ய, அது 2013-இல் அதிகாரப்பூர்வமாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஊர்க்காரர்கள் கோவிலை எடுத்து நடத்திய மாதிரி. அதில் 'இந்தியர்' என்று ஒரு நாகரிகம் வந்தது, இந்தி பேசினார்கள். 2019-இல் மொத்தக் கேமும் டெஃபினிட்டிவ் எடிஷனாகப் புதுப்பிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் ஒரு புது விரிவாக்கத்தில் அந்த ஒற்றை 'இந்தியரை' உடைத்துப் பிரித்தார்கள். பிரித்ததில் ஒன்று, திராவிடர்.

வாங்கிய அன்று இரவு நான் போர் எதுவும் செய்யவில்லை. ஒரு குடியானவனைச் சொடுக்கினேன். தமிழில் பதில் சொன்னான். மரம் வெட்டச் சொன்னேன், தமிழில் பேசிக்கொண்டே போனான். இன்னொருவளைச் சொடுக்கினேன். சொடுக்கிக்கொண்டே இருந்தேன். இருபத்தொரு வருடமாக இந்தக் கேமில் பிரெஞ்சுக்காரன் முனகலும் மங்கோலியன் முனகலும் எனக்கு மனப்பாடம். அர்த்தம் தெரியாமல் அவர்கள் குரலைப் பாட்டு மாதிரி கேட்டவன். இப்போது ஒருவன் பேசினால் எனக்குப் புரிகிறது. உருமி என்ற சுருள்வாளைச் சுழற்றும் வீரன் இருக்கிறான், திரிசடை என்ற பெயரில் பெரிய போர்க்கப்பல் இருக்கிறது. அடுத்த யுகத்துக்குப் போகும்போதெல்லாம் 200 மரம் இனாம். குதிரைப்படை மட்டும் சப்பை. சோழனுக்குக் குதிரை கப்பலில் இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது என்பதை மனதில் வைத்துச் செய்தார்களோ என்னவோ, நான் அப்படித்தான் சமாதானம் செய்துகொள்கிறேன்.

கண்ணியமாக மொழியைக் கையாண்ட புதுக் கேம் இல்லாமலும் இல்லை. 2023-இல் டொரொண்டோவிலிருந்து வந்த வெண்பா, கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைதான் முழுக் கேமும். பாஃப்டாவில் அறிமுக விருது வாங்கியது. அதில் இட்லி ஊற்றும்போது பின்னால் நின்ற அக்கா, "தட்ட மாத்தி அடுக்குடா, ஆவி போகணும்ல" என்றார். என் வாழ்க்கையில் எந்தக் கேமுக்கும் அக்கா யோசனை சொன்னது கிடையாது. ஆனால் வெண்பா புதிதாகப் பிறந்த பிள்ளை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் நடந்தது வேறு. இருபத்தொரு வருடம் நாங்கள் வெளியே நின்று எட்டிப் பார்த்த கோவிலில், ஒரு திருப்பணியின்போது, எங்களுக்கும் ஒரு சன்னதி வைத்திருக்கிறார்கள். பழைய சன்னதி ஒன்றையும் எடுக்காமல். எங்கள் கோவில் கூட்டமும் கடைசியில் அப்படித்தான் முடிந்தது. புதுச் சிங்கம் வாசலுக்கு, பூனைச் சிங்கங்கள் முனியாண்டி மரத்தடிக்கு. செயலாளர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

அந்த விரிவாக்கத்தில் ராசேந்திரனுக்கு ஒரு கதைத் தொடர் உண்டு. அது கடல் தாண்டி ஸ்ரீவிஜயம்வரை வருகிறது. விளையாடும்போது எனக்கு ஒரு குழப்பம் வந்தது. கப்பல்களை இறக்கிக் கரையில் படையை விடுகிறேன். விடுகிற கரை நான் உட்கார்ந்திருக்கும் இந்தப் பக்கத்துக் கரை. நான் வந்து இறங்குகிறவனா, கரையில் நிற்கிறவனா? வரைபடத்தில் தமிழ் பேசும் வீரன் என் ஆள். அவன் கொளுத்துகிற ஊர் என் ஊர். அந்த எதிரிப்படை பேசும் மலாய், நான் காலையில் கடையில் ரொட்டி சானாய் கேட்கும் மொழி. பெருமைப்படலாமா என்று யோசித்துக்கொண்டே இரண்டு தடவை தோற்றேன். எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அவர் கையில் உருமி இல்லை, ஒரு தகரப் பெட்டி இருந்தது. கடாரத்தைப் பிடிக்க வரவில்லை, பால் வெட்ட வந்தார். திரிசடையை நகர்த்தும்போதெல்லாம் எனக்கு ரஜுலாதான் ஞாபகம் வருகிறது.

போன பள்ளி விடுமுறையில் அக்கா மகனை உட்கார வைத்து ஆடினோம். அவன் மலாய் நாகரிகத்தை எடுத்தான். கேட்டதற்கு, "கெரிஸ் மாதிரி ஒண்ணு வச்சிருக்கானுங்க, பவர்" என்றான். அது கெரம்பிட், வளைந்த சின்னக் கத்தி. அந்தக் கெரம்பிட் வீரன் ஒருவனுக்கு மக்கள்தொகைக் கணக்கில் அரை ஆள் இடம்தான், அதனால் ஈசல் மாதிரி கிளம்பி வருவார்கள். நான் யானை வில்லாளிகளைச் சேர்த்துக்கொண்டு, காசு சேரட்டும், உருமிப்படை ஏறட்டும் என்று தாத்தா வேகத்தில் இருந்தேன். முப்பத்தெட்டாவது நிமிடம் அவன் ஆட்கள் என் வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். குடியானவர்களை அவசரமாக நகர மையத்துக்குள் ஓட்டுவதற்காக ஒவ்வொருவராகச் சொடுக்கினேன். ஒலிபெருக்கியில் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஆணும் பெண்ணுமாக நாலைந்து குரல், ஒன்றன்மேல் ஒன்றாக, தமிழில்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"யாருடா வந்திருக்காங்க?" என்று அம்மா குரல் கொடுத்தார். "உட்காரச் சொல்லு. எத்தன பேரு? தண்ணி கலக்குறேன்."